யாரும் சிரிக்காத ஒத்திகை: எட் வின்னின் இரண்டாம் ஆட்டம்

கேள்வி இதுதான்: "'மேரி பாப்பின்ஸ்' படத்தில் சிரித்துச் சிரித்தே கூரைவரை மிதந்துபோகிறாரே ஆல்பர்ட் மாமா, அவர்தான் ஆன் ஃபிராங்க் படத்தில் பல் டாக்டராக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர் என்கிறார்கள். நம்பவே முடியவில்லை. வாட்வில் மேடையில் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர் குணச்சித்திர நடிகர் ஆனது எப்படி?"

நம்பலாம். இரண்டும் ஒரே ஆள்தான், எட் வின். முகம் ஞாபகம் இல்லாவிட்டாலும் அந்தக் குரலை எங்கோ கேட்டிருப்பீர்கள். டிஸ்னியின் 1951 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கார்ட்டூனில் பைத்தியக்காரத் தொப்பிக்காரர் பேசுவது அவர் குரலில்தான். பின்னால் 'வாலி கேட்டர்' என்ற முதலைக் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்த டாஸ் பட்லர், அப்படியே வின்னைத்தான் காப்பியடித்தார். 2012இல் வந்த 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் கிங் கேண்டி பேசுவதும் அதே வாடைதான். கீச்சென்று ஏறும், நடுவில் ஒரு நடுக்கம் நடுங்கும், கடைசியில் வெட்கப்பட்ட ஒரு 'ஹீ ஹீ'யில் போய் விழும். அறுபது வருஷம் கழித்தும் மிமிக்ரி செய்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட குரல் என்று பாருங்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், வேறு வழியில்லாமல்தான் மாறினார். 1950களின் நடுவில் அவருக்குக் கையில் வேலை இல்லை. மகன் ஒரு பக்கம் தள்ளினார், ஒரு இயக்குநர் மறுபக்கம் விடாமல் பிடித்துக்கொண்டார். மாறும்போது அவர் பட்ட பாடு இருக்கிறதே, எனக்கு அதுதான் சுவாரசியம். அதற்கு அவர் தொழில் கற்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

வாட்வில் என்றால் கதம்பம். 1880களிலிருந்து 1930 வாக்கு வரை அமெரிக்காவின் ஊர்தோறும் ஓடியது. ஒரு டிக்கெட்டுக்கு எட்டு ஒன்பது ஐட்டம்: நாய் வித்தை, கம்பி மேல் நடப்பது, பாட்டு, டான்ஸ், மேஜிக், நடுவில் நகைச்சுவை. ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து இருபது நிமிடம். பெரிய முதலாளிகள் ஊர் ஊராகத் தியேட்டர் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் ரயிலேறி ஒவ்வொரு ஊராக ஆடிக்கொண்டே போகவேண்டியதுதான். ஒரு நாளைக்கு இரண்டே ஆட்டம் என்றால் அது கௌரவமான தியேட்டர் என்று அர்த்தம்.

சிரிக்கவைக்கிறவனுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நல்ல பன்னிரண்டு நிமிடம் கையில் இருந்தால் போதும், அதை வைத்தே பல வருஷம் பிழைக்கலாம். ஒரு ஊரில் பார்த்தவன் அடுத்த ஊருக்கு வரப்போவதில்லை. அதே பன்னிரண்டு நிமிடத்தை ஆயிரம் தடவை செய்து பட்டை தீட்டிவிடுவார்கள். இந்த வார்த்தைக்குப் பிறகு எத்தனை நொடி பொறுப்பது, சிரிப்பு எந்த உயரத்தில் இருக்கும்போது அடுத்த வரியை எடுப்பது, சிரிப்பே வராவிட்டால் முகத்தை எப்படிக் கோணிக்கொள்வது, எல்லாமே எதிரே இருட்டில் உட்கார்ந்திருந்த சனங்கள் கற்றுக்கொடுத்தவை. ஆகவே வாட்வில்காரனின் காது எப்போதும் அந்த இருட்டுப் பக்கம்தான். பக்கத்தில் ஒருவன் நின்று பேசினால், அவன் ஒத்து ஊத வந்தவன். அவன் என்ன சொல்கிறான் என்று உண்மையாகக் கேட்கவேண்டிய அவசியமே கிடையாது.

எட் வின் பிறந்தது 1886 நவம்பர் 9, பிலடெல்பியாவில், யூதக் குடும்பத்தில். இயற்பெயர் ஐசையா எட்வின் லியோபோல்ட். அப்பாவுக்குத் தொப்பி வியாபாரம். பையன் பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடி நாடகக் கோஷ்டியில் சேர்ந்தான். கூத்தாடப் போனவன் என்று குடும்பப் பெயருக்குக் களங்கம் வரக்கூடாதாம், அதனால் எட்வின் என்ற நடுப்பெயரை இரண்டாக ஒடித்து 'எட் வின்' ஆக்கிக்கொண்டான். ஆனால் அப்பாவின் கடை அவரை விடவில்லை. ஆரம்ப கால ஐட்டமே தொப்பியை வைத்துத்தான். ஒரே தொப்பியை மடக்கி, அமுக்கி, திருப்பி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் ஆளாக மாறுவார். கடைசிவரைக்கும் தலையில் ஏதாவது ஒரு சின்னத் தொப்பி, அளவு பொருந்தாத கோட்டு, பெரிய பூட்ஸ், வட்டக் கண்ணாடி. பார்க்கவே சிரிப்பு வரும்.

1913 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் பேலஸ் தியேட்டர் திறந்தார்கள். பிற்பாடு வாட்வில் உலகத்தின் கோயிலாகவே ஆன இடம் அது. அந்த முதல் நாள் நிகழ்ச்சியில் வின்னும் இருந்தார். அவர் அந்தக் காலத்தில் செய்துகொண்டிருந்த குறுநாடகம் ஒரு விதூஷகனைப் பற்றியது. சிரிக்கவே சிரிக்காத ஒரு ராஜா. சிரிக்கவைக்காவிட்டால் விதூஷகன் தலை போய்விடும். அவன் தனக்குத் தெரிந்த எல்லாக் கோமாளித்தனத்தையும் செய்து பார்க்கிறான். ராஜா கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் போய்க் காதில் ஏதோ கிசுகிசுக்கிறான். ராஜா விழுந்து விழுந்து சிரிக்கிறார். உடனே விதூஷகன், 'இந்த மாதிரிக் கதைதான் வேண்டுமென்று முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா?' என்கிறான். இந்த நாடகத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு எண்ணம், வின்னின் மொத்த வாழ்க்கையும் அதில் இருக்கிறது என்று. சிரிக்காத ராஜா பல ரூபத்தில் அவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

1914, 1915 இரண்டு வருஷமும் சீக்ஃபெல்ட் என்ற தயாரிப்பாளர் நியூயார்க்கில் நடத்திய 'ஃபாலீஸ்' என்ற ஆடம்பரமான பாட்டு, நடன, நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் ரொம்பப் பிரசித்தம். டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் பில்லியர்ட்ஸ் மேஜை வைத்து ஒரு ஐட்டம் செய்வார். ஒரு நாள் சம்பந்தமில்லாத இடத்தில் கூட்டம் சிரிக்கிறது. ஃபீல்ட்ஸுக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் வின் உட்கார்ந்து சனங்களைப் பார்த்து மூஞ்சியைக் கோணிக்கொண்டிருக்கிறார். ஃபீல்ட்ஸ் கையிலிருந்த கோலால் மண்டையில் ஒன்று போட்டார், வின் மயங்கிவிட்டார். கூட்டம் அதுவும் ஐட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சிரித்தது. மெருகேறிப்போன கதையாக இருக்கலாம். ஆனால் அடுத்தவன் ஆட்டத்துக்குள் புகுந்துகூட சனங்களோடு கண்ணால் பேசாமல் இருக்க முடியாத ஆள் அவர் என்பது அதில் சரியாக வந்துவிடுகிறது.

1919இல் அமெரிக்க நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. வின் அப்போது ஷூபர்ட் சகோதரர்கள் கம்பெனியில் நட்சத்திரம், நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து சங்கத்தோடு நின்றுவிட்டார். மேடையேறக்கூடாது என்று நீதிமன்றத் தடையும் வந்தது. சங்கத்தின் நிதி நிகழ்ச்சி ஒன்றில் அவர் மேடையேறவில்லை. கீழே சனங்கள் நடுவில் எழுந்து நின்று, தடை மட்டும் இல்லையென்றால் மேடையில் என்னென்ன செய்திருப்பேன் என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தார்! வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. ஆனால் பெரிய முதலாளிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சரி போகட்டும் என்று தானே எழுதி, தானே பாட்டுப் போட்டு, 1920இல் 'எட் வின் கார்னிவல்' என்று ஒன்றை நடத்தினார். 1921இல் 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்'. சுத்த முட்டாள் என்ற அந்தத் தலைப்பே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த நிகழ்ச்சிகளின் பெரிய ஈர்ப்பு அவருடைய கண்டுபிடிப்புகள். சோளக்கதிரைத் தட்டச்சு மிஷினின் உருளையில் மாட்டிவைத்துத் தின்னும் கருவி. ஒரு வரிசை தின்று முடித்ததும் மணி அடிக்கும், உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரிசை. பம்ப்ளிமாஸ் சாறு கண்ணில் தெறிக்காமல் இருக்க, கார் கண்ணாடி துடைப்பான் வைத்த மூக்குக்கண்ணாடி. பிடிக்காத ஒருவனை 'பத்தடிக் கம்பால்கூடத் தொடமாட்டேன்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. வின் அதற்காகவே பதினோரு அடிக் கம்பு ஒன்று செய்து கொண்டுவந்தார். 1930இல் 'சிம்பிள் சைமன்' நாடகத்தில் மூன்று சக்கர சைக்கிளில் பியானோவைப் பொருத்தி ஓட்டிக்கொண்டு வருவார், மேலே பாடகி உட்கார்ந்திருப்பார். சொன்னால் சுமாராக இருக்கிறது, இல்லையா? கையில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு, மன்னிப்புக் கேட்கிற தோரணையில் அதை விளக்குவாரே, அதற்குத்தான் கூட்டம் வந்தது. வேடிக்கையானதைச் சொல்கிறவன் நகைச்சுவை நடிகன் இல்லை, எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவன்தான் என்ற வாசகம் அவர் பெயரில் இன்றைக்கும் புழங்குகிறது.

முதல் அடி 1922 பிப்ரவரியில் விழுந்தது. நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் ஒரு வானொலி நிலையத்தில் 'பெர்ஃபெக்ட் ஃபூல்' நாடகத்தை ஒலிபரப்ப ஏற்பாடு. நியூயார்க்கின் பெரிய தியேட்டர்களில் ஓடும் பிராட்வே நாடகம் ஒன்று வானொலியில் போவதே அதுதான் முதல் தடவை. வின் ஒலிவாங்கி முன்னால் நின்று முதல் ஜோக்கைச் சொன்னார். நிசப்தம். அடுத்தது, அதற்கும் நிசப்தம். அறையில் இருந்த பொறியாளர்கள் சத்தம் போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அவருக்கு வேர்த்துவிட்டது. நிலையத்தில் இருந்த தொழிலாளிகள், கூட்டித் துடைக்கிறவர்கள், கையில் கிடைத்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள் என்று சொன்னபிறகுதான் ஆட்டம் ஓடியது. வானொலி ஸ்டுடியோவில் ரசிகர்களை உட்காரவைக்கும் பழக்கம் அங்கே ஆரம்பித்தது என்று வானொலி வரலாற்றுக்காரர்கள் எழுதுவார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1932இல், டெக்சகோ பெட்ரோல் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. அவர்களுடைய பெட்ரோலுக்கே 'ஃபயர் சீஃப்' என்று பெயர், ஆகவே வின் தீயணைப்புத் தலைவர். அந்த வருஷங்களில் அமெரிக்க வானொலியின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் அவர் ஒருவர். இந்தத் தடவை அவர் முன்னேற்பாடாக இருந்தார். அரங்கு நிறைய ஆட்களை உட்காரவைத்தார். கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் சிவப்புத் தலைக்கவசம், மேக்கப், நடுவில் வேஷம் மாற்றுவது எல்லாம் உண்டு. எதிரே இருக்கிறவர்கள் சிரித்தால்தானே அவருக்கு நேரம் பிடிபடும்?

அப்புறம் சறுக்கல்கள். 1933இல் சொந்தமாக ஒரு வானொலி வலையமைப்பே தொடங்கினார், சில வாரத்தில் மூடவேண்டிவந்தது. பெரும் பணம் போயிற்று. 1937இல் மனைவி ஹில்டா கீனனோடு விவாகரத்து. நரம்புத் தளர்ச்சியில் படுத்தே போனார். அதே 1937இல் போரைக் கிண்டல் செய்யும் 'ஹூரே ஃபார் வாட்!' என்ற இசை நாடகத்தோடு மேடைக்குத் திரும்பினார் என்பது அவருடைய பிடிவாதத்துக்குச் சாட்சி.

சினிமா? 1927இல் ஒரு ஊமைப் படம், 1930இல் 'ஃபாலோ தி லீடர்', 1933இல் 'தி சீஃப்'. ஒன்றும் எடுபடவில்லை. மேடையில் பூதாகரமாக இருந்தது திரையில் வெறும் குரங்குச் சேட்டையாகத் தெரிந்தது. படமெடுக்கும்போது சிரிக்க ஆள் கிடையாது. தியேட்டரில் சிரிக்கும்போது அவர் அங்கே கிடையாது. எத்தனை நொடி பொறுப்பது என்று யாரைக் கேட்பது? 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மந்திரவாதி வேடத்துக்கு அவரைக் கேட்டார்கள், வேடம் சின்னது என்று வேண்டாமென்றுவிட்டார். ஃபிராங்க் மார்கன் நடித்துப் பேர் வாங்கினார். பேர்போன தலைகள் துணை வேடத்தைப் பார்க்கிற பார்வை அன்றைக்கு அப்படித்தான். வின்னுக்கு அந்தப் பார்வை மாற இன்னும் பதினேழு வருஷம் பிடித்தது.

1949இல் தொலைக்காட்சி அவரை ஒரு தடவை தூக்கிவிட்டது. சி.பி.எஸ்.சில் 'தி எட் வின் ஷோ', லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நேரலை. கிழக்குக் கடற்கரைக்கு நேராக அனுப்பும் வசதி அப்போது இல்லாததால், திரையில் ஓடுவதையே ஃபிலிமில் படமெடுத்து அனுப்பினார்கள். கினஸ்கோப் என்பார்கள். பஸ்டர் கீட்டன் வந்தார், லூசில் பால் வந்தார். தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது. ஆனால் 1950 ஜூலையோடு நிகழ்ச்சி நின்றது. பன்னிரண்டு நிமிடத்தை வைத்துப் பல வருஷம் ஓட்டியவர்களைத் தொலைக்காட்சி வாராவாரம் தின்றது. இன்று சொன்ன ஜோக்கை நாளைக்கு எந்த ஊரிலும் சொல்லமுடியாது. வேறொரு நிகழ்ச்சியில் முறைவைத்து வந்த நாலு பேரில் ஒருவராக இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

இங்கேதான் மகன் கீனன் வின் வருகிறார். 1916இல் பிறந்தவர். அம்மா வழித் தாத்தா ஃபிராங்க் கீனன் பெரிய நாடக நடிகர்; பேரன் அந்தப் பக்கம் போனார். எம்.ஜி.எம். படங்களில் நம்பகமான குணச்சித்திர நடிகர். அப்பா உச்சத்தில் இருந்தவரை 'எட் வின் பையன்' என்றே எல்லாரும் சொன்னார்கள், இப்போது நிலைமை தலைகீழ். கோமாளி வேஷத்தை விடுங்கள், நேரான வேடம் பண்ணுங்கள் என்று அப்பாவைத் துளைத்தெடுத்தார். ஹோசே ஃபெரர் இயக்கி நடித்த 'தி கிரேட் மேன்' படத்தில் (1956) அப்பாவுக்கு ஒரே ஒரு காட்சி கிடைத்தது. செத்துப்போன ஒரு பிரபலத்துக்கு ஆரம்பத்தில் வேலை கொடுத்த சின்ன வானொலி நிலையச் சொந்தக்காரர், பக்தியுள்ள, சங்கோஜமான மனுஷன். உட்கார்ந்த இடத்திலிருந்து தன் மனக்கசப்பைச் சொல்கிறார். தொப்பி இல்லை, சிரிப்பு இல்லை. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

அந்தப் படம் வெளியாகும் முன்பே அதைவிடப் பெரிய சோதனை வந்துவிட்டது. 1956 அக்டோபர் 11, சி.பி.எஸ்.சின் 'பிளேஹவுஸ் 90'. தொண்ணூறு நிமிட நாடகம், நேரலை, எதிரே ரசிகர்கள் கிடையாது. ராட் செர்லிங் எழுதிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்'. அடிபட்டு அடிபட்டு ஓய்ந்துபோன குத்துச்சண்டை வீரனாக ஜாக் பாலன்ஸ். அவனை வைத்துப் பணம் பண்ணும் மேனேஜராகக் கீனன். வளையத்தின் மூலையில் காயத்துக்கு மருந்து போடும் கிழவர் ஆர்மியாக அப்பா வின். அவருக்கு எழுபது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஒத்திகை நாசமாகப் போயிற்று. வசனம் நிற்கவில்லை. வரி மறந்துபோனால் உடனே கை கால் பழைய பழக்கத்துக்குப் போய்விடும்: ஒரு கிறீச், ஒரு திருட்டு முழி, பத்து வருஷத்துக்கு முந்தின ஒரு ஜோக். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கவா வந்தார்கள்? யாரும் சிரிக்காததால் அவருக்கு இன்னும் நடுக்கம், நடுக்கத்தில் இன்னும் சேட்டை. பெற்ற மகன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர்தான் சிபாரிசு செய்தவர். ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது, செர்லிங்கே அந்தப் பக்கம்தான். இயக்குநர் ரால்ஃப் நெல்சன் மட்டும் அசையவில்லை. ஆனாலும் ஒரு ஜாக்கிரதை: சாராயக் கடைக்காரராக நடிக்க வந்த நெட் கிளாஸ் என்ற நடிகரை, வின்னுக்குத் தெரியாமல் ஆர்மியின் வசனத்தையும் மனப்பாடம் செய்துவைக்கச் சொன்னார்கள்.

அன்றிரவு நெட் கிளாஸுக்கு வேலை வரவில்லை. வசனம் ஒன்றிரண்டு இடத்தில் புரண்டது, சமாளித்துவிட்டார். கினஸ்கோப்பில் பதிவு இருக்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம். நான் பார்த்தபோது கவனித்தது அவர் பேசும் இடங்களை இல்லை, பேசாத இடங்களை. பாலன்ஸ் திக்கித் திணறிப் பேசும்போது ஆர்மி அவர் வாயையே பார்க்கிறார். அடுத்த வரி மறந்துவிடுமோ என்ற பயத்தில் எதிராளி சொல்வதை ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஐம்பது வருஷம் இருட்டுப் பக்கமே திரும்பியிருந்த காது, அங்கே யாரும் இல்லாததால், முதல் தடவையாகப் பக்கத்தில் நிற்கிறவன் பக்கம் திரும்பியிருக்கிறது. குணச்சித்திர நடிப்பில் பாதி அதுதானே. மீதிப் பாதிக்கு அந்த நடுக்கமே உதவியது. தள்ளாத வயதில் மனசாட்சியோடு மல்லுக்கட்டும் கிழவனுக்கு அந்தக் குரல் நடுக்கத்தைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. நாடகத்தின் கதையே, மானமுள்ள ஒரு வீரனுக்குக் கோமாளி உடை மாட்டிப் போலி மல்யுத்தத்தில் தள்ளப் பார்ப்பதுதான். அதை வேதனையோடு பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளாக, வாழ்நாள் முழுக்கக் கோமாளி உடை மாட்டிக்கொண்டவர். செர்லிங் இதை யோசித்து எழுதினாரோ என்னவோ, பார்க்கிறவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அந்த நாடகம் எம்மிகளை அள்ளியது: சிறந்த நிகழ்ச்சி, பாலன்ஸுக்கு, செர்லிங்குக்கு, நெல்சனுக்கு. நாலு வருஷம் கழித்து நெல்சன் அந்த ஒத்திகையையே ஒரு தொலைக்காட்சி நாடகமாக எழுதி இயக்கினார். 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்', 1960. அதில் அப்பா வின்னாக அப்பா வின்னே, மகனாகக் கீனனே, செர்லிங்காகச் செர்லிங்கே. தான் வரி மறந்து திணறியதைத் தானே நடித்துக்காட்ட எழுபத்து மூன்று வயதில் ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். ஆளை மாற்றச் சொன்னவர் நான்தான் என்று செர்லிங் வந்து நின்றாரே, அதற்கும்தான்.

இடையில் ஒரு விலகல். அதே 1956இல் இன்னொரு பழைய வாட்வில்காரர், 'ஆஸ்' படத்துப் பயந்தாங்கொள்ளிச் சிங்கம் பெர்ட் லார், சாமுவேல் பெக்கட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் நடித்தார். மியாமியில் அதைச் சிரிப்பு வெடி என்று விளம்பரம் செய்ததால் வந்தவர்கள் பாதியில் எழுந்துபோனார்கள், பிறகு நியூயார்க்கில் லாருக்கு ஏகப்பட்ட பாராட்டு. ஒரே வருஷம், இரண்டு கிழக் கோமாளிகள். தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. பேலஸ் தியேட்டர் முழு வாட்வில்லைக் கைவிட்டது 1932இல். அங்கே இளமையைக் கழித்தவர்கள் எல்லாருக்கும் அப்போது அறுபது எழுபது ஆகியிருந்தது. தங்கள் கலை செத்ததைப் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தவர்கள். அந்தச் சோகத்தை எந்த நடிப்புப் பள்ளியிலும் கற்றுக்கொடுக்க முடியாது.

இனி ஆன் ஃபிராங்க். நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமியின் டைரியை வைத்து ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய படம், 1959. பல் டாக்டர் டஸல், மறைவிடத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்து, சிறுமியோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டு சிடுசிடுக்கும் மனிதர். வின் அவரை விரும்பத்தக்கவராக ஆக்க முயலவே இல்லை. அது எனக்குப் பிடித்த விஷயம். கைதட்டலுக்கு ஏங்கிய மனிதர் வெறுப்பை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டார் பாருங்கள். நிஜ வாழ்க்கையில் அந்தப் பல் டாக்டர் ஃபிரிட்ஸ் ஃபெஃபர், மத அனுஷ்டானம் உள்ளவர். டைரியை வைத்து முதலில் வந்த நாடகமும் இந்தப் படமும் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் அது எழுத்தின் குற்றம். சிறந்த துணை நடிகர் ஆஸ்கருக்கு வின் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு 'பென்-ஹர்' படத்துக்காக ஹியூ கிரிஃபித்துக்குப் போயிற்று.

அதே 1959 அக்டோபரில் செர்லிங்கின் 'ட்விலைட் ஸோன்' தொடரில் இரண்டாவது கதை, 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்'. ஒரு காலத்தில் ஆளை மாற்றச் சொன்னவர், இப்போது வின்னை நாயகனாக வைத்தே எழுதுகிறார். வின் நடைபாதையில் பொம்மையும் டையும் விற்கிற கிழவர். சாவு ஒரு கோட்டு சூட்டு போட்ட மனிதனாக வருகிறது. கிழவர் தந்திரம் செய்து தப்பிக்க, சாவு அவருக்குப் பதில் தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறது. நள்ளிரவு தாண்டும்வரை சாவைத் தன் சரக்கில் மயக்கி நேரத்தைக் கடத்தினால் குழந்தை பிழைக்கும். மறுபடியும் அதே விதூஷகன், அதே சிரிக்காத ராஜா! உண்மையைச் சொன்னால் வின் வாய்வீச்சுக்காரர் இல்லை, தெரு வியாபாரிக்கு வேண்டிய வேகம் அவரிடம் கிடையாது. ஆனால் நெற்றியில் வேர்வையோடு நூலையும் ரிப்பனையும் தூக்கிப் பிடித்து அவர் கெஞ்சுகிற கெஞ்சலில் வேகம் யாருக்கு வேண்டும்.

பிறகு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஜெர்ரி லூயிஸோடு 'சிண்டர்ஃபெல்லா', டிஸ்னியின் 'தி ஆப்சென்ட்-மைண்டட் புரொஃபசர்' (1961, இதில் பழைய ஞாபகத்துக்கு ஒரு தீயணைப்புத் தலைவர் வேடம், வில்லனாக மகன் கீனன்), 'பேப்ஸ் இன் டாய்லேண்ட்', 1965இல் ஸ்டீவன்ஸின் ஏசு படத்தில் குருடர் ஆரம். 1966 ஜூன் 19 அன்று பெவர்லி ஹில்ஸில் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார், வயது 79. கடைசிப் படம் 'தி நோம்-மொபைல்' அடுத்த வருஷம்தான் வந்தது.

நீங்கள் கேட்ட இரண்டு படத்தையும் பார்த்திருப்பதால், நடுவில் விட்டதைப் பார்க்க ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்', அரை மணிதான். அப்புறம் 1956 'ரெக்வியம்' நேரலைப் பதிவு (1962இல் வந்த சினிமாவைப் போட்டுவிடாதீர்கள், அதில் வின் இல்லை). அது முடிந்ததும் 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்' கிடைத்தால் விடாதீர்கள். கடைசியாக 'மேரி பாப்பின்ஸ்' ஆல்பர்ட் மாமா காட்சியை மறுபடி போடுங்கள். மிதப்பதை விட்டுவிடுங்கள், இறங்குவதைப் பாருங்கள். வீட்டுக்குப் போக நேரமாயிற்று என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் மெல்லத் தரைக்கு வருகிறார்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. விருந்தாளிகள் கிளம்பப் போகிறார்களே என்று அந்தக் கிழவர் மட்டும் அழுகிறார்.